அத்தியாயம் 7: சிலிண்டரில் எதை நிரப்புவது?

மட்டக்களப்புக் கடலுக்கடியில் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் கிடக்கிறது. விமானந்தாங்கிக் கப்பல் என்றே திட்டமிட்டு வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் என்ற பெயர் அதற்கு உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு அதை மூழ்கடித்தன. முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே தரை ஆழம் சுமார் 53 மீட்டர்.

பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். 53 அதைத் தாண்டிவிட்டது, ஆனால் டெக்னிகல் டைவர்கள் மிரளும் ஆழமும் இல்லை. என் பார்வையில் இந்த நடுவாந்தர ஆழம்தான் மோசமானது. நூறு மீட்டருக்குப் போகிறவர் சாதாரணக் காற்றை நிரப்பிக்கொண்டு போகலாமா என்று யோசிக்கவே மாட்டார். 53 மீட்டருக்குப் போகிறவர் யோசிப்பார். போய்த் திரும்பியவர்களும் இருக்கிறார்கள், "ஒன்றும் ஆகாது, நாங்கள் போகவில்லையா?" என்று படகில் உட்கார்ந்து சொல்வதற்கு. திரும்பாதவர்கள் வந்து மறுத்துப் பேசப்போவதில்லை.

ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் ஹெர்மிஸையே கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். தேவையான கணிதம் ஒரே ஒரு பெருக்கல்தான். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 1 பார் அழுத்தம் கூடும், மேலே இருக்கும் வளிமண்டலத்துக்கு இன்னொரு பார். 53 மீட்டரில் மொத்தம் 6.3 பார். கலவையில் ஒரு வாயுவுக்கு எவ்வளவு பங்கோ அதை 6.3ஆல் பெருக்கினால் அந்த வாயுவின் பகுதி அழுத்தம் வந்துவிடும். ஆக்சிஜன், ஹீலியம், நைட்ரஜன் மூன்றும் கலந்த ட்ரைமிக்ஸுக்கான பயிற்சி முடிக்காதவர்கள் இந்தக் கணக்கைப் படித்து வைத்துக்கொள்ளலாம், இதை நம்பி இறங்கக் கூடாது.

முதலில் அடர்த்தி

வகுப்புகளில் ஆக்சிஜனில் தொடங்கி, நைட்ரஜன் மயக்கத்துக்கு வந்து, நேரம் மிச்சமிருந்தால் வாயுவின் அடர்த்தியைத் தொட்டுவிட்டு முடிப்பது பழைய வழக்கம். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். அடர்த்தி சரியாக இல்லாவிட்டால் மற்ற இரண்டு கணக்குகளும் பொய்யாகிவிடும்.

1 பார் அழுத்தத்தில் ஒரு லிட்டர் ஆக்சிஜனின் எடை சுமார் 1.43 கிராம். நைட்ரஜன் 1.25. ஹீலியம் 0.18தான். காற்று 1.29. ஆழத்தில் அழுத்தம் எத்தனை மடங்கோ அடர்த்தியும் அத்தனை மடங்கு. ஹெர்மிஸின் தரையில் காற்றைச் சுவாசிப்பவர் லிட்டருக்கு 8.1 கிராம் எடையுள்ள வாயுவை உள்ளே இழுத்து வெளியே தள்ள வேண்டும். சும்மா மிதந்துகொண்டிருக்கும்வரை இது தெரியாது. நீரோட்டத்தை எதிர்த்துக் கால் அடிக்கத் தொடங்கியதும் தெரியும். அடர்த்தியான வாயுவை மூச்சுக்குழாய்கள் ஓர் அளவுக்கு மேல் வேகமாக வெளியேற்ற முடியாது. பலம் கொடுத்து ஊதினால் குழாய்கள்தான் நெருக்குண்டு ஒடுங்கும், வெளியேறும் அளவு கூடாது. உடல் உண்டாக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியே போக வழியின்றி இரத்தத்தில் தேங்கும். அது தேங்கினால் மூச்சு இன்னும் வேகமாகும், அந்த வேகத்துக்கான உழைப்பே மேலும் கார்பன் டை ஆக்சைடை உண்டாக்கும். இந்தச் சுழலில் ஒருமுறை மாட்டிக்கொண்டால் ஆழத்தில் இருந்தபடி வெளியே வருவது மிகக் கடினம்.

கேவின் ஆன்டனியும் சைமன் மிட்செலும், நீருக்கடியில் உழைப்புச் சோதனைகளில் பதிவான விவரங்களை ஆராய்ந்து 2016இல் இரண்டு எண்களை முன்வைத்தார்கள். திட்டமிடும்போது லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் 6.2ஐத் தாண்டக் கூடாது. காற்றைப் பொறுத்தவரை முதல் எண் 30 மீட்டர் சொச்சத்திலும் இரண்டாவது எண் 40 மீட்டருக்குச் சற்று முன்னும் வந்துவிடுகிறது. 50, 60 மீட்டருக்குக் காற்றுடன் போய்ப் பழகிய ஒரு தலைமுறைக்கு இது கசப்பான செய்திதான்.

மிட்செல் இதற்கு முன்பே ஒரு மரணத்தை ஆராய்ந்திருந்தார். தென்னாப்பிரிக்காவில் புஷ்மேன்ஸ் ஹோல் என்ற நன்னீர்க் குகையில், 1994இல் இறந்துபோன டியோன் டிரையர் என்ற இளைஞரின் உடலை எடுத்துவர 2005 ஜனவரியில் டேவ் ஷா ரீபிரீதர் என்ற கருவியுடன் 270 மீட்டருக்கு இறங்கினார். உடலைப் பையில் போட முயன்றபோது அவருடைய மூச்சு ஏறிக்கொண்டே போனதைத் தலையில் மாட்டியிருந்த கேமரா பதிவு செய்தது. அவர் திரும்பவில்லை. அவர் கொண்டுபோன கலவையில் ஹீலியம் ஏராளமாக இருந்தும் அந்த ஆழத்தில் அதுவும் அடர்த்தியாகிவிட்டது. அந்த வாயுவில் உழைக்கும் அளவுக்கு நுரையீரலால் காற்றை மாற்ற முடியவில்லை.

இனி ஹெர்மிஸ் கணக்கு. ட்ரைமிக்ஸை எழுதும்போது முதலில் ஆக்சிஜன், பிறகு ஹீலியம், மீதி நைட்ரஜன். பரவலாகப் பயன்படும் 21/35 கலவையில் 53 மீட்டரில் அடர்த்தி 5.75 கிராம். உச்ச வரம்புக்குள் இருக்கிறது, திட்ட வரம்பைத் தாண்டிவிட்டது. 18/45 கலவையில் 5.05. நான் 18/45ஐ எடுப்பேன். அமைதியான நாளில் 21/35 போதும் என்று வாதிடலாம். ஆனால் நாள் அமைதியாக இருக்குமா என்பது கலவையை நிரப்பும் நேரத்தில் யாருக்கும் தெரியாது.

ஆக்சிஜனின் இரண்டு கரைகள்

ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 0.16 பாருக்குக் கீழே போனால் நினைவு தப்பும் ஆபத்து தொடங்கும். மிக அதிகமானால் வலிப்பு வரும். நீருக்கடியில் வலிப்பு வந்தால் வாயிலிருந்து ரெகுலேட்டர் கழன்றுவிடும், பிறகு மூழ்கித்தான் இறப்பார்கள். உழைக்கும் நேரத்தில் 1.4 பார், ஓய்வாகத் தொங்கும் டிகம்ப்ரஷன் நேரத்தில் 1.6 பார் என்பவை இன்று பொதுவாக ஏற்கப்பட்ட உச்சங்கள்.

இந்த எண்கள் ஏன் இவ்வளவு கஞ்சத்தனமாக இருக்கின்றன என்று கேட்பவர்கள் கென்னத் டொனால்டின் சோதனைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்காக அவர் தன்னார்வலர்களைத் தூய ஆக்சிஜனில் வைத்துப் பார்த்தார். ஆளுக்கு ஆள் தாங்கும் நேரம் மாறியது எதிர்பார்த்ததுதான். ஒரே ஆளுக்கே ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் பெரும் வேறுபாடு இருந்தது. "எனக்கு ஆக்சிஜன் ஒத்துக்கொள்ளும்" என்று யாராவது சொன்னால், நேற்று ஒத்துக்கொண்டது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உதடு துடிப்பது, காதில் இரைச்சல், குமட்டல் என்று முன்னறிகுறிகள் புத்தகங்களில் இருக்கும். பல நேரங்களில் எந்த அறிகுறியும் இல்லாமல் நேராக வலிப்புதான் வரும்.

அடர்த்தியை முன்னே வைத்ததன் காரணம் இங்கே புரியும். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் விரியும், மூளைக்கு ஆக்சிஜன் கூடுதலாகப் போகும், வலிப்பு சீக்கிரம் வரும். 1.4 பாதுகாப்பு என்பது மூச்சு சீராக விடுகிறவருக்குச் சொன்ன எண்.

18/45 கலவைக்கு 53 மீட்டரில் ஆக்சிஜன் 1.13 பார். மேற்பரப்பில் 0.18, அதாவது படகோரத்திலும் இதைச் சுவாசிக்கலாம். இன்னும் ஆழமான டைவ்களில் இந்த வசதி கிடையாது. 100 மீட்டருக்கு எடுக்கும் 10/70 கலவையை மேற்பரப்பில் வாயில் வைத்தால் ஆள் மயங்கி விழுவார். குறைந்தது 6 மீட்டர் இறங்கிய பிறகுதான் அது உயிர்காக்கும் வாயுவாகிறது. அதனால் இறங்குவதற்கென்றே வேறொரு கலவையைத் தனிச் சிலிண்டரில் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

மயக்கமும் ஹீலியத்தின் விலையும்

நைட்ரஜன் மயக்கத்தைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. ஆக்சிஜனும் மயக்கும் என்றே வைத்துக்கொண்டு, ஹீலியம் தவிர்த்த மீதியை மட்டும் கணக்கிடுங்கள். 18/45இல் மீதி 55 சதவீதம். 6.3ஆல் பெருக்கினால் 3.47 பார். காற்றுடன் 25 மீட்டரில் இருக்கும்போது எவ்வளவு தெளிவாக இருப்பீர்களோ அவ்வளவு தெளிவு. 30 மீட்டருக்குள் இருந்தால் போதும் என்பது பரவலான நடைமுறை. அடர்த்தியைச் சரிசெய்யும் ஹீலியமே இதையும் சரிசெய்துவிடுவதால், 50 முதல் 80 மீட்டர் வரை இதற்கெனத் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை.

மெனக்கெட வேண்டியது விலைக்கு. இரட்டைப் பன்னிரண்டு லிட்டர் சிலிண்டரில் 200 பார் 18/45 நிரப்பினால் 2,160 லிட்டர் ஹீலியம் ஆகும். அதில் பெரும்பகுதி ஒரே டைவில் குமிழியாக மேலே போய்விடும். ஹீலியம் மலிவான வாயு இல்லை, எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை. ஆகவே அதைக் குறைத்துக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். 1991இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கரைக்கு அப்பால் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி கண்டுபிடிக்கப்பட்டது. யூ-869 என்று பின்னால் அடையாளம் தெரிந்தது. அடுத்த ஆண்டு, தேர்ந்த டைவர்களான ஒரு தந்தையும் மகனும் செலவைக் கருதி ட்ரைமிக்ஸை விட்டுவிட்டுக் காற்றுடன் அதில் இறங்கினார்கள். கப்பலுக்குள் மகன் இடிபாட்டில் சிக்கினார். தந்தை விடுவித்தார். ஆனால் இருவரும் வழி தவறி, டிகம்ப்ரஷன் எதுவும் செய்யாமல் மேலே வந்து, இருவருமே இறந்தார்கள். இடிபாட்டில் சிக்குவது யாருக்கும் நேரலாம். சிக்கிய பிறகு யோசிக்க ஒரு தெளிவு வேண்டுமே, அதைத்தான் அன்று மிச்சம் பிடித்திருந்தார்கள்.

ரீபிரீதரில் கணக்கு மாறும்

ரீபிரீதர் நீங்கள் வெளிவிட்ட மூச்சையே திரும்பத் தருகிறது. கார்பன் டை ஆக்சைடைச் சோடா லைம் நிரப்பிய ஸ்க்ரப்பர் பிடித்துக்கொள்ளும். உடல் தின்ற ஆக்சிஜனை ஒரு சிறு சிலிண்டர் ஈடுகட்டும். மூச்சு சுற்றிவரும் பாதையான லூப்பில் இறங்கும்போது சுருங்கும் கொள்ளளவை டிலுயண்ட் என்னும் இன்னொரு சிலிண்டர் நிரப்பும். மூன்று லிட்டர் சிலிண்டரில் 200 பார் 18/45 என்றால் அதில் ஹீலியம் 270 லிட்டர்தான். ஹீலியத்தின் விலை ஏற ஏற ரீபிரீதர்களின் எண்ணிக்கையும் ஏறியதற்கு இந்த எண்ணே காரணம் சொல்லும்.

ஆனால் டிலுயண்டைத் தேர்வது விட்ட மூச்சு கடலுக்கே போகும் ஓப்பன் சர்க்யூட்டுக்குக் கலவையைத் தேர்வது போன்றதல்ல. டிலுயண்டுக்கு இரண்டு வேலைகள். ஒன்று லூப்பை நிரப்புவது. இன்னொன்று, லூப்பில் ஆக்சிஜன் எகிறிவிட்டால் அதை அடித்துத் தள்ளிச் சீராக்குவது. இரண்டாவது வேலையைச் செய்ய வேண்டுமானால், தரை ஆழத்தில் டிலுயண்டின் ஆக்சிஜன் அழுத்தம் உங்கள் செட்பாயிண்டைவிட, அதாவது லூப்பில் தக்கவைக்கக் கருவிக்குச் சொல்லியிருக்கும் ஆக்சிஜன் அழுத்தத்தைவிட, தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும். ஹெர்மிஸில் காற்றை டிலுயண்டாக எடுத்தால் 1.32 பார். செட்பாயிண்ட் 1.3 என்றால், எத்தனை முறை அடித்தாலும் ஆக்சிஜன் அதற்குக் கீழே இறங்காது. 18/45இல் 1.13 வரும், வேலை செய்யும். 15/55இல் 0.95 வரும், இன்னும் நன்றாக வேலை செய்யும்.

இதில் ஒரு கூடுதல் லாபம். தரையில் டிலுயண்டை லூப்பில் முழுதாக அடித்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். 18/45 என்றால் மூன்று சென்சார்களும் 1.13 அருகில் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் 0.9 என்று முரண்டு பிடித்தால் அந்தச் சென்சாரை நம்பக் கூடாது என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒத்துப்போகும் இரண்டு சென்சார்களை நம்பும் பெரும்பான்மை வாக்கைவிட இந்தச் சோதனை மேல். பழசாகிப்போன இரண்டு சென்சார்கள் சேர்ந்து, சரியாக இருக்கும் மூன்றாவதைத் தோற்கடிக்க முடியும்.

அடர்த்தியையும் லூப்புக்கெனத் தனியாகப் போட வேண்டும். செட்பாயிண்டுக்காகச் சேரும் ஆக்சிஜன் ஹீலியத்தைத் தள்ளிவிட்டு இடம்பிடிக்கும். 53 மீட்டரில் செட்பாயிண்ட் 1.3 என்றால் மீதி 5 பாரை ஹீலியமும் நைட்ரஜனும் 45க்கு 37 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்ளும். கூட்டிப் பார்த்தால் 5.17 கிராம். வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. 15/55 டிலுயண்டில் அதே இடத்தில் 4.64. செலவாகும் ஹீலியத்தில் வேறுபாடு அறுபது லிட்டர்தான். ரீபிரீதருடன் ஹெர்மிஸுக்குப் போகிறவர் 15/55 எடுப்பதே புத்திசாலித்தனம். ஸ்க்ரப்பர் வழியாக மூச்சு விடுவதே ஒரு கூடுதல் உழைப்பு என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

15/55 மேற்பரப்பில் 0.15 பார்தான். டிலுயண்டை மட்டும் நம்பி மேலே சுவாசிக்கக் கூடாது. ஆக்சிஜன் வால்வைத் திறக்காமல் படகிலிருந்து குதிப்பவர் இதில் தப்ப மாட்டார். மேலே வரும்போதும் இதே ஆபத்து உண்டு. தரையில் 1.3 பார் ஆக்சிஜன் இருக்கும் லூப், ஆக்சிஜன் சேராமல் மேற்பரப்புக்கு வந்தால் 0.2தான் மிஞ்சும், அதிலும் வழியில் உடல் தின்றது கழியும். ஏறும்போது மீட்டரில் கண் வைப்பது இறங்கும்போது வைப்பதைவிட முக்கியம்.

லூப்பை விட்டு வெளியேறும் நேரம்

லூப் கைவிட்டால் சுவாசிக்கத் தனியாக வைத்திருக்கும் பெயில்அவுட் கலவையை, நீங்கள் நல்ல நிலையில் இருக்கும்போது பயன்படுத்தும் கலவை என்று நினைத்துத் திட்டமிடாதீர்கள். லூப்பை விட்டு ஓடும் நேரம் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு ஏறிய நேரம். மூச்சு நிமிடத்துக்கு 40 லிட்டர், சில சமயம் அதற்கும் மேல். 53 மீட்டரில் அது சிலிண்டரிலிருந்து நிமிடத்துக்கு 252 லிட்டரை உறிஞ்சும். 200 பார் நிரப்பிய 11 லிட்டர் சிலிண்டர் தரையில் ஒன்பது நிமிடம்கூட வராது. மூச்சைச் சமாளிக்கத் தரையில் இரண்டு நிமிடம், 21 மீட்டருக்கு ஏற மூன்றரை நிமிடம் என்று வைத்தால் சுமார் 1,160 லிட்டர். ஒரு சிலிண்டர் போதும், சிதிலத்துக்கு உள்ளே நுழையாதவரை. நுழைவதாக இருந்தால் வெளியே வரும் நேரத்தையும் இந்த வேகத்திலேயே கணக்கிட வேண்டும்.

தரைக்கான பெயில்அவுட்டில் 18/45க்குக் குறைந்து எதையும் போடாதீர்கள். ஏற்கெனவே மூச்சுத் திணறும் ஆளுக்குக் காற்றைக் கொடுத்தால் திணறல் தீராது. பயன்படாத பெயில்அவுட்டின் ஹீலியம் வீணாவதும் இல்லை, அடுத்த டைவுக்கு அதே சிலிண்டர் இருக்கிறது.

ஏறும் வழியில்

21 மீட்டரில் 50 சதவீத ஆக்சிஜனும் மீதி நைட்ரஜனுமான நைட்ராக்ஸ், 6 மீட்டரில் தூய ஆக்சிஜன். இந்த ஆழத்துக்கு இந்த இரண்டுக்கு மேல் தேடுவது வீண் சுமை. 21இல் 50 சதவீதம் 1.55 பார் தருகிறது, 6இல் ஆக்சிஜன் 1.6. திறந்த கடலில் அலையில் ஏறி இறங்கும்போது 6 என்பது சில நொடிகள் 7 ஆகிவிடும். கடல் புரளும் நாளில் ஆக்சிஜனை 5 மீட்டருக்குத் தள்ளிவிடுங்கள். அமெரிக்காவின் நோவா அமைப்பு 1.6 பாருக்கு ஒரு தடவைக்கு 45 நிமிடம் என்றும், 1.3க்கு 180 நிமிடம் என்றும் வரம்பு வைத்திருக்கிறது. ரீபிரீதரில் 1.3இல் ஒன்றரை மணிநேரம் இருந்தால் அதில் பாதி தீர்ந்துவிடும். ஒரே நாளில் இரண்டாவது டைவுக்கு ஆசைப்படுகிறவர்கள் இதைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஹீலியக் கலவையிலிருந்து நைட்ராக்ஸுக்கு மாறும் நொடியில் நைட்ரஜன் அழுத்தம் துள்ளும். உள்காதில் அதனால் கோளாறு வந்து தலைசுற்றியவர்கள் உண்டு. ஹெர்மிஸ் ஆழத்தில் இந்தத் துள்ளல் பெரிதில்லை. 80, 100 மீட்டர் டைவ்களில் 50 சதவீதக் கலவையிலும் கொஞ்சம் ஹீலியம் சேர்ப்பவர்கள் இதற்காகத்தான் சேர்க்கிறார்கள்.

நிரப்பும் அறையில்

200 பார் 18/45 வேண்டுமென்றால், காலிச் சிலிண்டரில் முதலில் 90 பார் ஹீலியம், அதன் மேல் 16 பார் சொச்சம் ஆக்சிஜன், மீதி 94 பார் காற்று. இது காகிதக் கணக்கு. உயர் அழுத்தத்தில் ஹீலியம் இந்தக் கணக்குக்கு முழுதாகக் கட்டுப்படாது, நிரப்பும் சூட்டில் அழுத்தமும் பொய் சொல்லும். சிலிண்டர் ஆறிய பிறகு ஆக்சிஜனையும் ஹீலியத்தையும் அனலைசரில் நீங்களே அளக்க வேண்டும். நிரப்பியவர் எவ்வளவு நம்பகமானவராக இருந்தாலும் சரி. அளந்த எண், தேதி, உங்கள் பெயர் மூன்றும் சிலிண்டர் கழுத்து டேப்பில். உச்ச ஆழம் மட்டும் சிலிண்டரின் பக்கவாட்டில், கூட்டாளி இரண்டு மீட்டர் தள்ளி இருந்தே படிக்கும் அளவு பெரிதாக: 21, 6. டெக்னிகல் டைவிங்கில் ஆழத்தில் தவறான சிலிண்டரை வாயில் வைத்து இறந்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் தொடும் வால்வும் ரெகுலேட்டரும் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் ஆக்சிஜனுக்கெனச் சுத்தம் செய்தவையாக இருக்க வேண்டும். வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். வெடுக்கென்று திறந்தால் அழுந்தும் வாயுவின் சூடே தீப்பற்றப் போதும்.

ஹீலியம் வந்து சேராவிட்டால்

இலங்கையின் கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. பயணச்சீட்டு எடுத்தாயிற்று, ஹீலியம் மட்டும் வரவில்லை. இந்த நிலையில்தான் "கப்பலின் மேற்புறத்தை மட்டும் தொட்டுவிட்டு வந்துவிடலாம்" என்ற யோசனை எழும். மேற்புறத்தைத் தொடவும் 40 மீட்டரைத் தாண்ட வேண்டும். காற்றின் அடர்த்தி அங்கேயே உச்ச வரம்பை மீறிவிட்டது.

அதே 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பல் அதே கரையில், கல்குடாவுக்கு அப்பால், 24 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. 32 சதவீத நைட்ராக்ஸ் போதும். ஆக்சிஜன் 1.09 பார், அடர்த்தி 4.45 கிராம், எல்லாம் வரம்புக்குள். ரீபிரீதர் கொண்டுவந்தவர்கள் டிலுயண்டில் காற்றை நிரப்பிக்கொண்டு அதையே அங்கேயும் ஓட்டலாம். ஹீலியம் வரும்வரை அங்கே இறங்குங்கள்.